பக்கத்து மனை

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஒரு காலைப் பொழுதில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலின் கம்பியில் சாரைப்பாம்பு ஒன்று தலையைச் சாய்த்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஸுப்ஹுக்குப் பிறகு நடக்கும் பிள்ளைகளின் மதரஸாவை முடித்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன். என் மனைவி வந்தவாசிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பாம்புக்கு அஞ்சுகிறவர் அல்லர். அதை விரட்டிவிட்டு, சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "பாம்பு மேல என்னங்க தப்பு? அதுக்கு நாமதான் காடு வளர்த்துக் கொடுத்திருக்கோம்" என்றார்.

அவர் காட்டியது எங்கள் வீட்டை ஒட்டியுள்ள கிழக்குப் பக்கத்து மனையை. நாற்பதுக்கு அறுபது, அதாவது ஒரு கிரவுண்டு, 2400 சதுர அடி. என் அத்தா குரோம்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். (அந்த ஊரின் பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையிலிருந்து வந்தது என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது.) 1986இல், ஊரப்பாக்கத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் நரிச் சத்தம் கேட்கும் என்று உறவினர்கள் கேலி செய்த காலத்தில், அவர் இரண்டு மனைகளைச் சேர்த்து வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் வண்டலூரில் உயிரியல் பூங்கா திறக்கப்பட்டிருந்தது. "சிங்கத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கியிருக்கிறார் பாய்" என்று தொழிற்சாலையில் சிரித்தார்களாம். மேற்கு மனையில் 1991இல் வீடு கட்டினார். கிழக்கு மனையில் உறைகிணறு எடுத்து, தென்னை, முருங்கை, கொய்யா வைத்தார். கிணற்றடியில் ஒரு மருதாணி. பெருநாளுக்கு முந்தைய இரவு என் அக்காவும் தங்கையும் அதன் இலையைப் பறித்து அம்மியில் அரைப்பார்கள். நான் விளக்குப் பிடிப்பேன்.

அத்தா 2014இல் வஃபாத்தானார்கள். அதன் பிறகு அந்த மனையில் எவரும் கால் வைக்கவில்லை. தேங்காய் பறிக்க ஆள் வருவார், அவ்வளவே. 2015 பெருவெள்ளம் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியதைப் போல் எங்கள் தெரு மூழ்கவில்லை என்றாலும், வெள்ளம் வடிந்த பின் அக்கம்பக்கத்தார் கெட்டுப்போன மெத்தைகளையும் உடைந்த ஓடுகளையும் அங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். நாங்களும் எங்கள் பங்குக்குக் கொட்டினோம். பிறகு எதிர் வீடு கட்டியவரின் கட்டட இடிபாடு வந்தது. சீமைக்கருவேலம் தானே வந்தது. பத்து ஆண்டுகளில் ஒரு தோட்டம் எப்படி மறைந்துபோகும் என்பதை நான் என் படுக்கையறைச் சன்னலிலிருந்தே பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்று சொல்வதைவிட, பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன் என்பதே சரி.

பாம்பு வந்த அன்று மாலையே கடப்பாரையும் மண்வெட்டியும் வாங்கினோம்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறார். அங்கே உள்ளாட்சி மன்றங்கள் ஊர் மக்களுக்குச் சிறு தோட்டத் துண்டுகளைக் குறைந்த வாடகைக்கு விடுகின்றன. அதற்கென்று 1908ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஒரு முழுத் துண்டு என்பது வழக்கமாக 250 சதுர மீட்டர் அளவு. நம் ஒரு கிரவுண்டு 223 சதுர மீட்டர், ஏறக்குறைய அதே அளவுதான். அவரும் அவருடைய மனைவியும் யாரோ கைவிட்டுப் போன, முட்புதர் மூடிய துண்டு ஒன்றை எடுத்துக் குளிர்காலத்தின் இறுதியில் சீர்செய்து, படங்கள் அனுப்பியிருந்தார். உறைபனியில் மண் கல்லாகிவிட்டது என்று எழுதியிருந்தார். நமக்கு உறைபனி இல்லை. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைப் பனியும், வடகிழக்குப் பருவமழை விட்டுச் சென்ற ஈரமும்தான் நம் குளிர்காலம். அந்த ஈரம் மாசியில் வற்றிவிடும். அதற்குள் மண்ணைத் திருத்தி விதைத்துவிட வேண்டும் என்று என் மனைவி அவசரப்பட்டார். "தைப்பட்டம் தப்பினா அப்புறம் வெயில்கிட்டதான் பேசணும்" என்பார்.

காலை மதரஸா எட்டு மணிக்கு முடியும். அஸருக்குப் பிறகுதான் மாலை வகுப்பு. எனவே எட்டரை முதல் பதினொன்று வரை தோட்டம் என்று வைத்துக்கொண்டோம். முதல் வாரம் முழுவதும் குப்பைதான். மெத்தையின் கம்பிச் சுருள்கள், சிமெண்டு மூட்டைகள், வாய் பிளந்த காலணிகள், ஒற்றைக் கையோடு ஒரு பொம்மை. மூன்று சிறிய சரக்கு வண்டிகள் நிறையச் சென்றன. அடுத்தது கருவேலம். அதை வெட்டிவிட்டால் போதும் என்று நான் நினைத்தேன். தரைமட்டத்துக்கு வெட்டினால் அது முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரின் கழுத்துப் பகுதி வரை தோண்டி எடுத்தால்தான் அது சாகும். பதினேழு மரங்களைத் தோண்டினோம். அதன் முள் என் செருப்பின் அடிப்பாகத்தைத் துளைத்துக் குதிகாலில் இறங்கி, இரண்டு நாள் நின்று தொழ முடியாமல் நாற்காலியில் அமர்ந்து தொழுதேன்.

ஆனால் கருவேலத்தைவிடக் கொடியது கோரை. பார்ப்பதற்கு வெறும் புல். பிடுங்கினால் எளிதாகக் கையோடு வரும், நாமும் மகிழ்ந்துவிடுவோம். கீழே மண்ணுக்குள் நூல் போன்ற வேரில் கறுப்புக் கிழங்குகள் மணி மணியாகக் கோத்துக் கிடக்கும். ஒன்று தங்கினாலும் பத்து நாளில் மீண்டும் தலைகாட்டும். என் மனைவி தரையில் அமர்ந்து களைக்கொத்தால் மண்ணைக் கிளறி, கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பழைய பால் வாளியில் போட்டார். நான் மேலே உள்ளதை மட்டும் பிடுங்கிக்கொண்டே அவரைத் தாண்டி வேகமாக முன்னேறினேன். அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க முடிச்ச இடம்தான் எனக்கு நாளைக்கு வேலை" என்றார். அப்போது அது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

கிணற்றைத் திறக்க அனுபவமுள்ள இருவரை அழைத்தோம். மூடிக் கிடந்த கிணற்றில் எவரும் உடனே இறங்கக் கூடாது. உள்ளே நச்சுக் காற்று தேங்கியிருக்கும், இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. அவர்கள் மூடியை அகற்றி ஒரு நாள் முழுவதும் காற்றாட விட்டு, எரியும் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்த்து, அது அணையாமல் மேலே வந்த பிறகே இறங்கினார்கள். பதினான்கு உறை ஆழம். தூர் வாரியதில் அத்தாவின் வெண்கலச் செம்பு ஒன்று கிடைத்தது. அது விழுந்த நாளில் என் தங்கை அடி வாங்கியது எனக்கு நினைவுக்கு வந்தது. கைதவறிப் போட்டவன் நான். அதை இன்று வரை எவரிடமும் சொன்னதில்லை.

காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஊரப்பாக்கத்துக்கு அருகில்தான். அப்படி ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அங்கே சென்று மண்ணைப் பற்றிக் கேட்டோம். கட்டடச் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த மண் என்பதால், மேலே உள்ள அடுக்கை அகற்றிவிட்டுத் தொழுவுரத்தைத் தாராளமாகச் சேர்க்கச் சொன்னார்கள். ஒரு முழம் மேல்மண்ணை எடுத்த பிறகு கீழே அத்தாவின் பழைய மண் வந்தது. கறுப்பாக, பிசைந்தால் உருளும் மண். என் மனைவி அதைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

தை முதல் வாரத்தில் விதைத்தோம். கொத்தமல்லி விதையை அப்படியே போட்டால் சரியாக முளைக்காது. தரையில் பரப்பி ஒரு கட்டையால் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். கீரை விதையோடு மணலைக் கலந்து தூவினால்தான் ஒரே இடத்தில் குவியாது. புதினாவுக்கு விதையே வேண்டாம், கூடுவாஞ்சேரிச் சந்தையில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்துவிட்டு மீந்த தண்டுகளை ஊன்றினால் போதும். வெண்டை, கத்திரி, வேலியோரம் பீர்க்கு. கீரை விதையை எறும்புகள் வரிசையாகத் தூக்கிச் செல்வதைக் கண்டு நான் பதறினேன். என் மனைவி ஒரு கைப்பிடி அரிசி நொய்யைப் பாத்தியின் ஓரமாகத் தூவினார். எறும்புகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து பறவையோ, மனிதரோ, விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் எனும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை நான் அன்று மாலை பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்தினேன். எறும்பையும் நொய்யையும் சேர்த்துச் சொன்னேன். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எனக்கும் என்னைப் பிடித்துப்போயிற்று.

மருதாணியைக் கண்டது அதற்குச் சில நாள்களுக்குப் பின்புதான். கிணற்றின் வடக்குப் பக்கம் கோவைக்கொடி மலைபோல் மூடிக் கிடந்தது. அதைக் கடைசியாக இழுத்துப் போட்டோம். உள்ளே, வெளிச்சமே இல்லாமல், இடுப்பளவு உயரத்தில் கோணிக்கொண்டு, நுனியில் மட்டும் சில இலைகளோடு மருதாணி உயிரோடு நின்றது. நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொன்னேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஓர் இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "உங்க அக்காவுக்கு ஒரு போட்டோ அனுப்புங்களேன்" என்றார். அனுப்புகிறேன் என்றேன், அனுப்பவில்லை.

ஷஅபான் மாதத்தில் நோன்புக் கஞ்சி ஏற்பாடுகளுக்காகப் பள்ளியில் கூடினோம். அரிசி இன்னார், கறி இன்னார் என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். முப்பது நாளும் கஞ்சிக்கு வேண்டிய புதினாவும் கொத்தமல்லியும் எங்கள் தோட்டத்திலிருந்து தருகிறேன் என்றேன். எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஒரு பெரியவர், "ஹஜ்ரத் செத்த மண்ணை உயிர்ப்பித்துவிட்டார்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். கேட்பாரற்ற தரிசு நிலத்தை உயிர்ப்பித்தவருக்கே அது உரியது எனும் ஹதீஸைத்தான் அவர் நினைவூட்டினார். நான் தலை குனிந்து, அடக்கமாக, அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரவு சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவர் என் தட்டில் சோற்றை வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் புதினா யாரோட மண்ணில முளைச்சதுங்க?"

"நம்மோடதுதான்."

"அத்தாவோடது. அத்தா மவுத்தாகிப் பத்து வருஷம் ஆச்சு. இன்னும் பிரிக்கல. அக்காவுக்கும் தங்கச்சிக்கும் சேர வேண்டியதிலிருந்து நீங்க சதக்கா கொடுக்கலாமா? கிதாபு நீங்கதான் ஓதியிருக்கீங்க, நான் தெரியாமத்தான் கேக்கறேன்."

நான் பதில் சொல்லவில்லை. தரிசு நிலம் பற்றிய அந்த ஹதீஸ் எவருக்கும் சொந்தமில்லாத நிலத்தைப் பற்றியது. அதிலும்கூட ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும், வேண்டியதில்லை என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் கூறியதை நான் நுணுக்கமாக விளக்குவேன். ஆனால் அத்தாவின் மனை எவருக்கும் சொந்தமில்லாத நிலம் அன்று. அதற்குச் சொந்தக்காரர்கள் இருவர், ஒருவர் வாணியம்பாடியிலும் ஒருவர் பெருங்களத்தூரிலும் இருக்கிறார்கள். அடுத்தவர் நிலத்தில் அவர் அனுமதியின்றிப் பயிரிட்டவருக்குச் செலவுத் தொகை தவிர விளைச்சலில் ஒன்றுமில்லை எனும் கருத்தில் அபூதாவூதிலும் திர்மிதியிலும் ஓர் அறிவிப்பு உண்டு. ஃபிக்ஹு அறிஞர்கள் அதன் விளக்கத்தில் வேறுபடுகிறார்கள். அன்றிரவு அந்த வேறுபாடு எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

இங்கே நான் என்னைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இளம்பெண்களுக்கு நான் ஃபராயிள் பாடம் எடுக்கிறேன். ஸூரத்துந் நிஸாவின் பதினோராம், பன்னிரண்டாம் வசனங்களைக் கொண்டு பங்கு பிரிக்கும் முறையை விளக்கும்போது, பல ஆண்டுகளாக நான் எழுதும் முதல் கணக்கு இதுதான்: ஒருவர் தம் மனைவியையும் ஒரு மகனையும் இரு மகள்களையும் விட்டு இறந்தார். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரு பங்கு, மகள்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. முப்பத்திரண்டு பாகமாக்கினால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்கு ஏழு ஏழு. கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அது என் குடும்பம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். எளிய எண்கள் வருகிற கணக்கு என்பதால் எடுத்துக்கொண்டேன் என்று எனக்கே சொல்லி வைத்திருந்தேன்.

காரணங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அம்மா இருக்கும்வரை பிரிக்க வேண்டாம் என்றேன். அது அம்மாவின் விருப்பம் என்றேன், அம்மாவிடம் நான் கேட்டதில்லை. 2017இல் பெருநாளுக்கு வந்திருந்த அக்கா, மகளின் படிப்புக்குப் பணம் தேவைப்படுவதாகச் சொல்லி, "அந்தப் பக்கத்து மனை சும்மாதானே கிடக்கு" என்று மெல்ல ஆரம்பித்தார். நான், "உன் கல்யாணத்துக்கு அத்தா நகை போட்டாரே, கடன் எத்தனை வருஷம் அடைச்சார் தெரியுமா?" என்று கேட்டேன். திருமணத்தின்போது தந்தை தந்தது அன்பளிப்பு. அது வாரிசுப் பங்கில் கழியாது. இதையும் நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். அதன்பின் பெருநாளுக்கு வரவில்லை. 2019இல் அம்மா வஃபாத்தானபோது வந்தார், மூன்றாம் நாள் போய்விட்டார். பிறகு கொரோனா. பிறகு 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்தார்கள், எங்கள் தெருவில் மனைக்கு விலை கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினர். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நல்ல விலை வரும், அது சகோதரிகளுக்கும் நல்லதுதானே என்று அந்தக் காரணத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

நம் குடும்பங்களில் இது புதிதல்ல. "என் தங்கை கேட்கவே இல்லை" என்று சொல்லும் அண்ணன்மார் எத்தனை பேர்! கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்று அஞ்சியே அவள் கேட்பதில்லை. கேட்டவளுக்கு என்ன நேரும் என்பதற்கு என் அக்காவே உதாரணம். 1937ஆம் ஆண்டின் முஸ்லிம் தனிநபர் ஷரீஅத் சட்டம் நமக்கு வாரிசுரிமையில் மார்க்கச் சட்டத்தையே உரியதாக்கிற்று. விவசாய நிலம் அதில் விடுபட்டிருந்தது, சென்னை மாகாணத்தில் 1949இல் திருத்தம் கொண்டுவந்து அதையும் சேர்த்தார்கள். சட்டம் கையில் இருக்கிறது. ஆனாலும் பெண்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்து, பிரியாணி முடிந்த கையோடு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம்.

அன்றிரவு ஒரு ஹதீஸ் என்னைத் தூங்கவிடவில்லை. பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் எனும் எச்சரிக்கை. அதை அறிவித்தவர் ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள், சொர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவர். அர்வா எனும் பெண் தம் நிலத்தை அவர் எடுத்துக்கொண்டதாக மர்வானிடம் முறையிட்டார். இதை நபியவர்களிடம் கேட்ட பிறகா நான் எடுப்பேன் என்று கூறிவிட்டு, அவர் அந்த நிலத்தை அப்பெண்ணுக்கே விட்டுக்கொடுத்தார். குற்றமற்றவர் விட்டுக்கொடுத்தார். நான் 2400 சதுர அடியில் எத்தனை சாண் என்று இருட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தஹஜ்ஜுதுக்கு எழுந்தபோது மனைவியும் விழித்தே இருந்தார். அம்மாவின் பங்கான 4 பாகமும் எங்கள் மூவருக்கே வரும், எனக்கு 2, சகோதரிகளுக்கு ஒவ்வொன்று. ஆக மொத்தம் எனக்கு 16, அவர்களுக்கு எட்டு எட்டு. சரிபாதி எனக்கு, சரிபாதி அவர்கள் இருவருக்கும். இரண்டு கிரவுண்டில் ஒரு கிரவுண்டு அவர்களுடையது. நான் வீட்டில் இருக்கிறேன். அப்படியானால் நாங்கள் இரண்டு மாதமாகக் கோரை பொறுக்கிய மனை முழுவதும் அவர்களுடையது.

"அதுக்கென்ன, சுத்தமாக் கொடுக்கறோம்" என்றார் என் மனைவி. ஆனால் அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இரண்டு மாதங்களில் அவர் பாடிக்கொண்டே வேலை செய்வதை நான் இருபது ஆண்டுகளுக்குப் பின் கேட்டிருந்தேன்.

காலையில் அக்காவை அழைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், மனையைச் சுத்தம் செய்தோம் என்றேன், கிணறு திறந்தோம் என்றேன், செம்பு கிடைத்தது என்றேன். பிறகு பங்கைப் பற்றிச் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை. இணைப்பு துண்டித்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "மருதாணி இருக்கா?" என்று கேட்டார்.

இருவரும் ரமளானுக்கு முந்தைய ஞாயிறன்று வந்தார்கள். அக்கா நேராகக் கிணற்றடிக்குப் போனார். தங்கை அப்படி அல்ல, அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தாள். நான் என் பங்குக் கணக்கை விளக்கி, கிழக்கு மனை உங்கள் இருவருக்கும் என்று முடித்ததும், "அண்ணா, வீடும் அத்தா கட்டினதுதான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மனையைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நிற்கலாம் என்று எண்ணியிருந்தேன் போலும். அவள் சொன்னது முற்றிலும் சரி. ஜமாஅத்தில் கட்டடப் பொறியாளர் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து, முப்பத்து மூன்று ஆண்டுப் பழைய வீட்டின் இன்றைய மதிப்பைப் போட்டுத் தந்தார். அதில் பாதி நான் தர வேண்டியது. மதரஸா சம்பளத்தில் அது ஒரே நாளில் ஆகிற காரியம் அன்று. தவணை எழுதிக்கொண்டோம், சாட்சிகளோடு. பத்தாண்டுத் தேங்காய்க் காசும் இருந்தது. அதற்குக் கணக்கே இல்லை. உத்தேசமாக ஒரு தொகை சொன்னேன், தங்கை அதைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாள், ஒப்புக்கொண்டேன்.

அக்காவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். "மன்னிச்சேன்னு சொல்ல ஒரு நிமிஷம் போதும்டா. ஏழு வருஷம் பெருநாள் அன்னைக்கு இந்த வாசல் எனக்கு இல்லாமப் போச்சு. அதை எந்தக் கணக்கில எழுதுவே?" என்றார். நான் செம்பைக் கொண்டுவந்து தங்கையின் கையில் கொடுத்து, அன்று கிணற்றில் போட்டது நான்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. "தெரியும். அத்தாவுக்கும் தெரியும்" என்றாள்.

புதினாவைப் பற்றி என் மனைவிதான் கேட்டார். இந்த மண் இனி உங்களுடையது, கஞ்சிக்குத் தரலாமா என்றார். அக்கா, அத்தா அம்மா பேரில் கொடுங்கள் என்றார். தங்கையும் தலையசைத்தாள். ஆனால் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக மனையை விற்க வேண்டும், ரமளான் முடிந்ததும் ஆள் பார்க்கலாம் என்றும் அப்போதே சொல்லிவிட்டாள். நின்றுகொண்டிருக்கும் கத்திரியையும் வெண்டையையும் பார்த்துவிட்டு, அக்கா, "காய்ச்சு ஓயட்டும், அதுவரைக்கும் யாரும் அவசரப்படுத்த வேண்டாம்" என்றார். பயிரிட இரவலாகத் தந்த நிலத்தை அறுவடை வரை திரும்பப் பெறக் கூடாது என்று ஹனஃபி நூல்களில் உண்டு. அக்கா எந்த நூலும் ஓதியவர் அல்லர்.

2025 மார்ச் 2இல் முதல் நோன்பு. தினமும் அஸருக்கு முன் என் மனைவி புதினாவும் மல்லியும் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றித் தருவார். நான் பள்ளிக்கு எடுத்துச் செல்வேன். ஹஜ்ரத் தோட்டம் என்று சொன்னவர்களிடம், என் சகோதரிகளின் தோட்டம் என்று திருத்தினேன். முதல் சில நாள்கள் நாக்கு வரவில்லை. அந்தப் பெரியவர் ஒருநாள் என்னை ஓரமாக அழைத்து, தமக்கும் மூன்று தங்கைகள் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பள்ளியின் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

பெருநாளுக்கு முந்தைய இரவு அக்கா குடும்பத்தோடு வந்தார். கோவைக்கொடி விலகி வெயில் பட்டதில் மருதாணி நன்றாகத் தழைத்திருந்தது. அம்மி இல்லை, மிக்ஸியில்தான் அரைத்தார்கள்.

வாரிசுச் சான்றிதழ், பட்டா, பாகப்பிரிவினைப் பத்திரம் என்று ஒவ்வொன்றாக நடந்தது. வாய்ச்சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். சகோதர சகோதரிகளுக்கிடையே வாய்ச்சொல் போதும் என்று விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நீதிமன்றத்தில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கூடுவாஞ்சேரிப் பதிவு அலுவலகத்தில் மூவரும் ஒரே விசிப்பலகையில் உட்கார்ந்து காத்திருந்தோம். தங்கை தன் பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்து எங்கள் இருவருக்கும் தந்தாள்.

வைகாசியில் மனையை வாங்கியவர் வேலி போட்டுவிட்டார். கடைசி வாரத்தில் என் மனைவி கத்திரியில் நான்கு காய்களைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்கவிட்டு விதை எடுத்தார். சாம்பலில் புரட்டிக் காயவைத்து, பழைய மாத்திரைப் புட்டியில் போட்டுத் தேதி எழுதியிருக்கிறார். மொட்டைமாடியில் பன்னிரண்டு தொட்டிகள் வந்துவிட்டன. மருதாணியில் விரல் தடிமனான மூன்று குச்சிகளை வெட்டி, அரிசிப் பைகளில் மண் நிரப்பி ஊன்றினார். ஒன்று மாடியில் இருக்கிறது, பத்தாம் நாளே இலை விட்டது. பெருங்களத்தூருக்குப் போனதும் பிடித்துக்கொண்டது. வாணியம்பாடிக்குப் போனது மட்டும் இன்னும் துளிர்க்கவில்லை என்று அக்கா நேற்றுத் தொலைபேசியில் சொன்னார். குச்சியின் தோலை நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள், உள்ளே பச்சை இருந்தால் பிடுங்கிவிட வேண்டாம் என்று என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்.